ஆண்டு பார்த்து வாங்கப் போன பழைய டபுள் கெப்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ப் பக்கம் தோட்டம் செய்கிற ஒருவர் 2025 நடுப்பகுதியில் பழைய டபுள் கெப் (இரண்டு வரிசைச் சீற்றும் பின்பெட்டியும் உள்ள பிக்கப்) ஒன்று தேடத் தொடங்கினார். சொந்தத் தோட்டத்து வெங்காயம், கரட், பீற்றூட்டோடு அக்கம்பக்கத்தில் வாங்குவதையும் சேர்த்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர், விலை நன்றாக இருந்தால் தம்புள்ளைக்கும் அனுப்புவார். அதுவரை லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரமும் வாடகை லொறியும்தான். விதை உருளைக்கிழங்குக்கு நுவரெலியாப் பக்கம் போய்வர வேண்டும், குடும்பத்தோடு கோயில் திருவிழாவுக்கும் போக வேண்டும், இரண்டுக்கும் ஒரே வாகனம் என்றால் டபுள் கெப்பை விட்டால் வேறு வழியில்லை.

புதியதைப் பார்க்கும் பேச்சே எழவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது, திறந்தும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் தோட்டக்காரர் எட்டிப் பிடிக்கிற விலை இல்லை. இடைப்பட்ட வருடங்களில் வெளியிலிருந்து ஒன்றும் வராதபடியால் இருபது வயசுக் கெப்புக்குக்கூட உரிமையாளர்கள் தாங்கள் வாங்கினதை விடக் கூடக் கேட்டார்கள்.

காசில் ஒரு பகுதி சேமிப்பு, ஒரு பகுதி சீட்டு, மிச்சம் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் தம்பி அனுப்புவதாகச் சொன்னது. காசு போடுகிறவருக்கு அபிப்பிராயமும் இருக்கும்தானே. தம்பி இணையத்தில் தேடி, பிக்கப்புகளில் எந்தெந்த ஆண்டு நல்லது, எந்தெந்த ஆண்டைத் தொடக்கூடாது என்று ஒரு பட்டியலே செய்து அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு: “அண்ணை, கெட்ட ஆண்டெண்டு போட்டிருக்கிறதைச் சும்மா தந்தாலும் வாங்காதேங்கோ.”

நான் இதற்குள் வந்தது, முன்னொரு காலத்தில் ஒரு நிறுவனத்தின் வாகனங்களுக்குப் பராமரிப்புப் பதிவேடு எழுதுகிற வேலை செய்தவன் என்பதால். கோண்டாவில் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு பெரியவரும் வந்தார். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களின் காலத்திலிருந்து கை கறுத்தவர், 90களின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார்களை ஓட வைத்த தலைமுறை. வாங்கியவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்கள் வேண்டாம் என்றார்.

பட்டியலை எங்கள் ஊருக்கு மாற்றியது

தம்பியின் பட்டியலில் பொய் இல்லை. ஃபோர்டின் 6.0 லீற்றர் பவர்ஸ்ட்ரோக் டீசல், 2003 முதல் 2007 வரை, அமெரிக்காவில் பலரை அழ வைத்தது உண்மை. 1995 முதல் 2004 வரையான டொயோட்டா டகோமாவில் சேசி, அதாவது அடிச்சட்டம், உள்ளுக்குள்ளால் உக்கிப்போய், சேசியை மாற்றிக் கொடுக்கவும் சில வாகனங்களைத் திரும்ப வாங்கவும் டொயோட்டாவுக்கே நேர்ந்ததும் உண்மை. ஆனால் இவை யாழ்ப்பாணத்து வீதியில் காண்கிற வாகனங்கள் இல்லை. இங்கே விற்பனைக்கு வருவது ஹைலக்ஸ், எல்200, நவாரா, இசுசு, எப்பவாவது ஒரு மஸ்டா.

ஒரு ஆண்டு ஏன் கெட்ட ஆண்டாகிறது என்று பார்த்தால், அநேகமாக அந்த ஆண்டில் கம்பனி இஞ்சினையோ ஏதாவதொரு பாகத்தையோ மாற்றியிருக்கும், மாற்றியதில் ஒரு குறை இருந்திருக்கும், சில வருடம் கழித்து அதைத் திருத்தியிருக்கும். ஆகவே ஆண்டைக் கேட்பதை விட அந்த ஆண்டில் உள்ளே என்ன இஞ்சின் இருந்தது என்று கேட்பதுதான் பிரயோசனம். அதைத் தெரிந்துகொள்ள வாகனத்தைத் திறக்கவும் தேவையில்லை, பதிவுப் புத்தகத்தில் இஞ்சின் கொள்ளளவு இருக்கும்.

ஹைலக்ஸில் 2779 என்று இருந்தால் அது 3எல், 1988க்குப் பின் வந்த பழைய உடம்பு. 2986 என்றால் 5எல், 1997 முதல் 2004 வரையான தலைமுறையில் வருவது. இரண்டுமே ரேபோ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் turbo) இல்லாத, கணினி இல்லாத, கிராமத்துக் கராஜிலும் பிரித்துப் பூட்டக்கூடிய டீசல்கள். 2494 என்றால் 2கேடி. 2982 என்று கண்டால் அநேகமாக 1கேடி. இந்த இரண்டும் 2004 இன் பிற்பகுதியில் தாய்லாந்தில் அறிமுகமான விகோ என்கிற ஹைலக்ஸ் உடம்பில் வருகிற கொமன் ரெயில் இஞ்சின்கள், அதாவது கணினி சொல்கிறபடி உயர் அழுத்தத்தில் டீசலைத் தூவுகிறவை. எல்200 இல் 2477 என்றால் 4டி56. ஹைலக்ஸ் தாத்தாவுக்கும் பேரனுக்கும் கொள்ளளவில் வித்தியாசம் நாலே நாலு சீசீ, 2986 உம் 2982 உம். குணத்தில் இரண்டும் வேறு வேறு பிறவி. புரோக்கர்மார் இரண்டையும் “மூண்டு லீற்றர் ஹைலக்ஸ்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒவ்வொன்றுக்கும் தெரிந்த வருத்தம் ஒன்று உண்டு. பழைய 4டி56 இல் ரைமிங் பெல்ற்றுக்குப் பக்கத்தில் பலன்சர் தண்டுக்கென்று இன்னொரு சின்னப் பெல்ற் ஓடும், அந்தச் சின்னது அறுந்து பெரியதுக்குள் போனால் வால்வுப் பக்கம் நாசம். நவாராவின் டி40 உடம்பில் முதல் சில வருடங்களில் வந்த வைடி25 இஞ்சினில் மேற்பக்க ரைமிங் செயின் இழுபட்டு நீளும். 1கேடிக்கு, டீசலைத் தூவுகிற இஞ்செக்டரின் அடியில் இருக்கும் செப்பு வாஷர், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 5எல்லுக்கு இப்படி ஊரறிந்த வருத்தம் ஒன்றும் இல்லை, பெல்ற்றை நேரத்துக்கு மாற்றி, தண்ணீர் குறையாமல் பார்த்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு தம்பிக்கும் அண்ணனுக்கும் ஒரே முடிவு: 5எல் வேண்டும், 2004க்கு முந்திய ஹைலக்ஸ் வேண்டும். அந்த நேரத்தில் எனக்கும் அதில் மறுப்பு இருக்கவில்லை.

முதல் வாகனம்: 2001, எல்லாரும் விரும்பியது

வடமராட்சிக் கரையோரத்தில் நின்றது. 2001 ஹைலக்ஸ், புத்தகத்தில் 2986, உற்பத்தி ஆண்டும் பதிவு ஆண்டும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. காலையில் போனோம். பெரியவர் வேறெதையும் தொடாமல் பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், குளிர்ந்து கிடந்தது, அதாவது எங்களுக்காக முன்கூட்டியே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைக்கவில்லை. திறப்பைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஒயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக ஒயில் ஊற்றும் துவாரத்தின் மேல் வைத்தால் அது ஆடவேயில்லை, உள்ளே இருந்து காற்றுத் தள்ளுவது மிகக் குறைவு. புகை இல்லை. வாங்க வந்தவரின் முகத்தில் பேரம் பேசும் எண்ணமே போய்விட்டது.

பெரியவர் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு அடியில் போனார். கையில் சின்னச் சுத்தியல். முன்பக்கத்திலிருந்து சேசியைத் தட்டிக்கொண்டே பின்னால் வந்தார், கதவுவரைக்கும் கிண் கிண் என்று கேட்டது, பின் சில்லைத் தாண்டியதும் சத்தம் டொக் டொக் என்று செத்துப்போனது. அடி முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. ஸ்பெயார் ரயருக்கு மேலே இருக்கிற குறுக்குச் சட்டத்திலும், பின் ஸ்பிரிங் தொங்குகிற இடத்துக்குப் பக்கத்திலும் பூச்சு மினுங்கினாலும் மேற்பரப்பு சமமாக இல்லை, உள்ளிருந்து கொப்பளித்த மாதிரி. விற்பவர் குனிந்து பார்த்து, “ஐயா, உது மேல் துருதான், பெயின்ற் அடிச்சாச் சரி” என்றார்.

“தம்பி, பெயின்ற் அடிச்சபடியாத்தான் நான் தட்டிப் பாக்கிறன்.”

சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பெரிய பலமெல்லாம் போடவில்லை. முனை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது பழுப்பு நிறத்தில் ஈரமான செதில்கள் கொட்டின. அந்தத் துவாரத்தை விற்பவரும் பார்த்தார், பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

புத்தகத்தில் முந்திய உரிமையாளர் பகுதியைப் பார்த்து, கேட்டு விசாரித்தால் விசயம் விளங்கியது. பல வருடம் மீன் ஏற்றிய வாகனம். ஐஸ் போட்ட மீன்பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் பின்பெட்டியின் பொருத்துகளால் இறங்கி நேரே சேசிக்குள் போகும். சேசி பெட்டி வடிவம், அடியில் தண்ணீர் போகத் துவாரங்கள் உண்டு, சேறு அடைத்தால் அவை வேலை செய்யாது. தண்ணீர் காய்ந்தாலும் உப்புக் காயாது, எங்கள் கடற்காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொண்டே இருக்கும். வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே அரிப்பது நிற்காது. கனடாவில் பனிக்காலத்து வீதிக்குக் கொட்டுகிற உப்பு டகோமாவுக்குச் செய்ததும் இதேதான், தம்பியின் பட்டியல் அந்த ஒரு இடத்தில் எங்களுக்கும் பொருந்தியது, ஆண்டைத் தவிர.

தகடு வைத்து ஒட்டலாம் என்று விற்பவர் சொன்னார், விலையும் குறைக்கத் தயார். பெரியவர் மறுத்ததற்குக் காரணம், உக்கிய இடம் ஸ்பிரிங் தாங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மரக்கறி மூட்டைகளின் முழுப்பாரமும் அங்கேதான் விழும், ஒட்டுகிற தகட்டைப் பிடித்துக்கொள்ள நல்ல இரும்பு எவ்வளவு தூரத்தில் தொடங்குகிறது என்று வெட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. நாங்கள் பார்த்த நான்கு வாகனங்களிலும் சிறந்த இஞ்சின் இந்த வாகனத்தில்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டாவதும் மூன்றாவதும்

அடுத்தது “2009 விகோ” என்று விளம்பரத்தில் வந்தது. புத்தகத்தில் முதற்பதிவு 2009, உற்பத்தி ஆண்டு 2005. விற்பவர் பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன், இங்கே பலருக்குப் பதிவு ஆண்டுதான் ஆண்டு. முன் சீற் பெல்ற்றைக் கடைசிவரைக்கும் இழுத்தால் அடியில் தைத்திருக்கும் வெள்ளைத் துண்டில் பெல்ற் செய்த தேதி இருக்கும், அது 2005 ஐத்தான் காட்டியது. இடைப்பட்ட நான்கு வருடம் வாகனம் எங்கே நின்றது என்று சொல்ல ஆளில்லை. பொனற் சுட்டது, காலை ஏழு மணிக்கு. ஒயில் மூடி துள்ளி விழுந்தது. மீற்றரில் காட்டிய கிலோமீற்றர் குறைவு, ஆனால் கிளச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அதற்கு மேல் பார்க்கவில்லை.

மூன்றாவது 2003 எல்200. புத்தகத்தில் 2477, பொனற்றைத் திறந்தால் உள்ளே 4எம்40, அது 2835 சீசீ. இஞ்சின் மாற்றியதைப் புத்தகத்தில் பதியவில்லை. பெயர் மாற்றும்போது அந்தத் தலையிடி வாங்குபவருக்கு வரும் என்பதால் அதுவும் போனது.

நான்காவது: பட்டியலில் சிவப்புக் கோடு போட்ட ஆண்டு

தென்மராட்சியில், சாவகச்சேரிக்கு உள்ளே, ஒரு தென்னந்தோட்டக்காரரிடம் நின்றது 2007 விகோ, 2982, அதாவது 1கேடி. முதல் உரிமையாளர் ஒரு நிறுவனம், வாகனம் வன்னியில் ஓடியது. பொதுவாக நிறுவன வாகனம் என்றால் சாரதி மாறி மாறி அடித்து முடித்திருப்பான் என்று எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள், அதில் நியாயமும் உண்டு. இதில் ஒரு வித்தியாசம், சேர்விஸ் கடதாசிகள் ஒரு கோப்பாக வாகனத்தோடு வந்திருந்தன. ஒயில் மாற்றிய கிலோமீற்றரும் தேதியும் ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் பெரிய இடைவெளி இல்லாமல். இரண்டாவது உரிமையாளர் தேங்காய் ஏற்றியிருக்கிறார், உப்பு ஏறவில்லை.

சுத்தியல் கடைசிவரைக்கும் கிண் என்றே கேட்டது. முன் வலது சில்லுக்கு உட்புறமாகச் சேசியில் அடித்திருக்கும் இலக்கத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தோம், சுற்றிலும் அரைத்த அடையாளமோ புதுப் பெயின்ற்றோ இல்லை, புத்தகத்தோடு ஒத்துப்போனது. சீற் பெல்ற் துண்டு 2006 கடைசியைக் காட்டியது, 2007 வாகனத்துக்கு அது சரியான கணக்கு, பாகம் வாகனத்துக்குக் கொஞ்சம் முந்தித்தான் செய்திருப்பார்கள்.

இஞ்சின் பக்கம் அவ்வளவு நிம்மதி இல்லை. குளிரில் ஸ்ராட் பண்ணியதும் சில செக்கன் கடகடத்தது, கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு அடங்கிவிட்டது. இது 1கேடியின் அந்த ஊரறிந்த வருத்தத்துக்கு ஒத்த அறிகுறி. இஞ்செக்டர் உட்காருகிற இடத்தில் செப்பு வாஷர் ஒன்று இருக்கும், எரிகிற காற்றை அதுதான் கீழே மறித்து வைக்கிறது. அது கசியத் தொடங்கினால் எரிந்த கரி மேலே ஏறி வால்வு மூடிக்குள் புகுந்து ஒயிலோடு கலக்கும், ஒயில் தடித்து, கடைசியில் ஒயில் சட்டிக்குள் இருக்கும் உறிஞ்சு வலையை அடைக்கும். பிறகு ஒயில் மேலே ஏறாது, முதலில் ரேபோவோ பெயரிங்கோ போகும். விசயம் என்னவென்றால், வலை அடைத்து முடியும் வரைக்கும் வாகனம் நன்றாக ஓடும், அதனால்தான் ஒரு நாள் திடீரென்று இஞ்சின் போய்விட்டது என்று ஆட்கள் சொல்கிறார்கள்.

கொமன் ரெயிலுக்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு எதிரியும் உண்டு. மண்ணெண்ணெய் டீசல் அளவுக்கு வழுவழுப்புத் தராது, 5எல் அதைச் சகித்துக்கொள்ளும், கொமன் ரெயில் பம்பும் இஞ்செக்டரும் சகிக்காது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது இதற்கு என்ன ஊற்றினீர்கள் என்று பெரியவர் நேரடியாகவே கேட்டார். அந்த மாதங்களில் வாகனத்தைக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டு லான்ட்மாஸ்டரில் திரிந்ததாக விற்பவர் சொன்னார்.

பெரியவர் ஒயில் சட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். வாங்குவதற்கு முன் இதற்குச் சம்மதிக்கிற விற்பனையாளர்கள் குறைவு, இவர் பெரியவரைத் தெரிந்தவர் என்பதால் ஓம் என்றார், கழற்றிப் பூட்டுகிற கூலியும் புது ஒயிலும் எங்கள் செலவு. கராஜில் வைத்து ஒயிலை இறக்கி, கீழ்ச் சட்டியை மெல்ல நெம்பிக் கழற்றினார்கள். வலையின் ஒரு ஓரம் மூடியிருந்தது. கறுப்பாக, கொதித்துக் காய்ந்த தேயிலைச் சக்கை மாதிரி, விரலால் தேய்த்தால் பொடிந்தது. வலையின் பெரும்பகுதி இன்னும் வெளிச்சம் தெரியத் திறந்துதான் இருந்தது. சட்டியின் அடியில் காந்தத்தை விட்டு இழுத்துப் பார்த்தார், இரும்புத்தூள் ஒட்டவில்லை. ஸ்கானரில் நான்கு இஞ்செக்டர்களின் திருத்த அளவுகளைப் பார்த்ததில் இரண்டு சுழியத்தை விட்டுத் தூரமாகப் போயிருந்தன.

எடுத்த முடிவும் காரணமும்

அன்று இரவு ஸ்காபரோவோடு நீண்ட கதை. “அண்ணை, நான் சிவப்புக் கோடு போட்ட ஆண்டையே வாங்கப் போறியளோ?” என்பதுதான் தம்பியின் கேள்வி. நியாயமான கேள்வி.

எங்கள் கணக்கு இப்படிப் போனது. 2007 விகோவில் இருக்கிற வருத்தம் என்னவென்று கண்ணால் பார்த்தாயிற்று, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்றும் தெரியும், திருத்த என்னென்ன வேண்டும் என்று கடையில் விலை கேட்கலாம். 2001 இன் சேசிக்கு அப்படி ஒரு விலை ஒருவராலும் சொல்ல முடியவில்லை, ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். இஞ்செக்டர் போனால் வாகனம் வீதியோரத்தில் நிற்கும், ஸ்பிரிங் தாங்கி சுமையோடு கழன்றால் பின்னால் வருகிறவனுக்கும் ஆபத்து. எனக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் பாரமாக இருந்தது. வாங்கியவருக்கு சேர்விஸ் கோப்புத்தான் பிடித்துக்கொண்டது, இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்தவர்கள் மற்றதையும் ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள் என்றார்.

இஞ்செக்டர் வேலைக்கான தொகையை விலையில் கழிக்கக் கேட்டோம். விற்பவருக்கு மனம் வரவில்லை, சட்டியைக் கழற்ற விட்டதே தன் நல்ல மனசுக்கு, அதையே வைத்துத் தன் கழுத்தைப் பிடிக்கிறார்கள் என்று நினைத்தார். பெரியவர் இடையில் நின்று பேசி, முழுத்தொகை இல்லாவிட்டாலும் பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டார்கள்.

ஒரு விசயம் மட்டும் தள்ளிப்போடப்பட்டது. ரேடியேற்றரின் கழுத்தில் வெள்ளைப் படிவு இருந்தது. இருந்த காசு இஞ்செக்டருக்கே சரி என்பதால், இப்போதைக்குக் கழுவி விடலாம், மாற்றத் தேவையில்லை என்று வாங்கியவர் முடிவெடுத்தார். குடாநாட்டுக்குள் ஓட்டிப் பார்த்ததில் ஊசி நடுவைத் தாண்டவேயில்லை, ஆகவே அந்த முடிவு அன்றைக்குத் தவறாகத் தெரியவில்லை.

வாங்கிய பின்

சுமை ஏற்றுவதற்கு முன்பே இஞ்செக்டர் வேலை முடிந்தது. அளவு தவறிய இரண்டுக்குப் புதியது, நான்குக்கும் புது வாஷர், வலை கழுவிப் பூட்டியது. புது இஞ்செக்டரில் பொறித்திருக்கும் குறியீட்டை ஸ்கானரால் இஞ்சின் கணினிக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்காமல் பூட்டி விட்டால் நல்ல இஞ்செக்டரும் முரட்டுத்தனமாக ஓடும். இங்கே சில இடங்களில் அதைச் செய்வதில்லை, கேட்டு நின்று செய்விக்க வேண்டியிருந்தது. ரைமிங் பெல்ற் நேரம் வந்தால் டாஷ்போட்டில் எரியும் விளக்கு எரியவில்லை, ஆனால் அதை அழித்து விடுவது ஐந்து நிமிட வேலை, பெல்ற் மாற்றிய கடதாசி கோப்பில் இல்லாததால் அதுவும் மாற்றப்பட்டது. முதல் ஒயிலைச் சீக்கிரமே இறக்கினார்கள், உள்ளே மிஞ்சிய கரி அதோடு போகட்டும் என்று.

சந்தை ஓட்டம், தம்புள்ளை ஓட்டம், ஒன்றிலும் குறை இல்லை. குளிர் ஸ்ராட்டில் கடகடப்பு நின்றுவிட்டது. இரண்டாவது முறை ஒயில் இறக்கியபோது வலையைத் திரும்பப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது.

பிறகு விதை உருளைக்கிழங்குக்கு நுவரெலியா போனார். கம்பளையைத் தாண்டி றம்பொடை ஏற்றத்தில் ஊசி ஏறத் தொடங்கியது. நல்ல காலம், அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டு போகிறவர். ஏசியை நிறுத்தி, ஹீற்றரைத் திறந்து, ஓரம் கட்டிவிட்டார். ஹெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆற விட்டு ஆற விட்டு மேலே போய், வரும்போது இறக்கம் என்பதால் சுமையோடும் வந்துவிட்டார்.

ரேடியேற்றரைத் திறந்து பார்த்ததில் உள்குழாய்களில் நல்ல பங்கு சுண்ணாம்பால் அடைத்திருந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறி வருவது, கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையை எல்லா வீட்டிலும் காணலாம். அதே தண்ணீரை வருடக்கணக்காக ரேடியேற்றருக்கு ஊற்றினால் அதே வெள்ளை மெல்லிய குழாய்க்குள் படியும். கழுவுகிற மருந்து மேலோட்டமானதைத்தான் கரைத்திருக்கிறது. எங்கள் ஊரில் இது தெரியாமல் போவதற்குக் காரணம் ஊரே தட்டை, பாதி அடைத்த ரேடியேற்றரும் குடாநாட்டில் இஞ்சினைக் குளிர வைத்துவிடும். புது ரேடியேற்றர் போட்டு, கூலன்ற்றைப் பற்றரித் தண்ணீரில் கலந்து ஊற்றினார்கள். அடுத்த நுவரெலியா ஓட்டத்தில் ஊசி அசையவில்லை.

வாங்கிய விலையோடு இஞ்செக்டர், பெல்ற், ரேடியேற்றர் எல்லாம் கூட்டினால், கழித்த காசு போகவும், 2001 க்குக் கேட்ட விலையை விடக் கொஞ்சம் கூடவே வருகிறது. தம்பி அதை இன்னும் சொல்லிக்காட்டுவதாகக் கேள்வி. அந்த 2001 ஹைலக்ஸ் பிறகு விலைப்பட்டது, அதை வாங்கினவர் சேசியில் தகடு வைத்து ஒட்டி, பாரம் ஏற்றாமல் ஆள் ஏற்ற மட்டும் ஓட்டுகிறார். அப்படிப் பாவிக்கிறவருக்கு அது மோசமான வியாபாரம் என்று நான் சொல்லமாட்டேன், இஞ்சின் அவ்வளவு நல்லது.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

போவதற்கு முன்பே புத்தகத்தின் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். உற்பத்தி ஆண்டு, முதற்பதிவு, கொள்ளளவு, முந்திய உரிமையாளர், இந்த நான்கையும் வீட்டிலிருந்தே பார்த்திருந்தால் “2009” ஐப் பார்க்கப் போயிருக்கத் தேவையில்லை.

வாகனத்துக்குக் கிட்டப் போனதும் அடியில்தான் முதலில் போக வேண்டும், திறப்பை அதற்குப் பிறகுதான் திருப்ப வேண்டும். நல்ல இஞ்சின் சத்தத்தைக் கேட்ட பிறகு சேசியில் கண்ட துரு சின்னதாகத் தெரியும், அந்த 2001 ஹைலக்ஸை வாங்க வந்த நம்மவர் அந்தத் துவாரத்தைப் பார்த்த பிறகும் “எண்டாலும் இஞ்சின்…” என்று இழுத்துக்கொண்டே நின்றார். மீன், உப்பு ஏற்றிய வாகனமா, ஆனையிறவு, மண்டைதீவு, ஊர்காவற்றுறை போன்ற உப்புக்காற்றுப் பக்கம் தினம் ஓடியதா என்று விசாரிப்பதும் இதோடு சேர்ந்தது.

மலை இல்லாத ஊரில் சூட்டைச் சோதிக்க ஒரு வழி வேண்டும். பெரியவர் இப்போது செய்வது, பின்பெட்டியில் சீமெந்து மூட்டைகளை ஏற்றி, ஏசியை முழுதாகப் போட்டு, நடுப்பகல் வெயிலில் நாவற்குழியிலிருந்து கொடிகாமம் வரைக்கும் குறைந்த கியரில் இஞ்சினை உறும விட்டு ஓட்டுவது. வந்து நின்றதும் சூட்டை அளக்கும் துப்பாக்கியால் ரேடியேற்றரின் முகத்தை இடமிடமாகப் பார்ப்பார். சூடான பரப்புக்கு நடுவில் குளிர்ந்த திட்டு தெரிந்தால் அந்தக் குழாய்களுக்குள் தண்ணீர் போகவில்லை.

விலைப் பேச்சையும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஒயில் சட்டியைக் கழற்றிய பிறகு பேசப் போனதில்தான் விற்பவருக்கு மனம் நொந்தது. கழற்ற முன்பே இரண்டு விலையை எழுதிக்கொள்ளலாம்: வலை சுத்தமாக இருந்தால் இது, அடைத்திருந்தால் இது. வாங்கியவரின் கிளிநொச்சிச் சொந்தக்காரர் ஒருவருக்கு இப்போது 2010 விகோ ஒன்று பார்க்கிறார்கள், அதில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, சட்டி இன்னும் கழற்றவில்லை.